மூணாவது டப்பா

ஜூலை 1, செவ்வாய்

காலையிலயே அனல். மலைப் பக்கம் மேகம் கட்டிச்சு, ஏமாத்திடுச்சு. மோட்டரை நிறுத்த மறந்து தொட்டி வழிஞ்சுது. எதிர்வீட்டுக்காரர் கத்தினாரு.

இன்னிக்கும் 11.20க்கு அப்பா ரூம் கேமரா கட். 11.50க்கு தானா வந்துது. போன வியாழன், வெள்ளி, நேத்து, இன்னிக்கு. சனி ஞாயிறு நான் வீட்ல, பாக்கல.

11.25க்கெல்லாம் பெங்களூர்லருந்து தம்பி போன். "க்கா, ஆஃப்லைன்னு காட்டுது. என்னதான்க்கா பண்ற?" நான் ஆபீஸ்ல ஃபைல் நடுவுல உக்காந்துட்டு இருக்கேன். வாயால ஊதியா சரி பண்ணுவேன்?

கோளாறு புடிக்கணும்னா மொதல்லருந்து எழுதி வெக்கணும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. சரி, எழுதறேன்.

இருபதடி அகலம், எழுபதடி நீளம் எங்க வீடு. ரயில் பெட்டி. வேங்கிக்கால்ல அப்போ கெடச்ச மனை அவ்ளோதான். முன்னாடி ஹால்ல இன்டர்நெட் லைன், கடைசியில அப்பா ரூம். நடுவுல அஞ்சு செவுரு. அதுக்குத்தான் தம்பி குமரன் போன மாசம் மெஷ்னு ஒண்ணு வாங்கி அனுப்பினான். மூணு வெள்ளை டப்பா. 1 ஹால்ல, 2 சமையல்கட்டுல, 3 அப்பா ரூம்ல. ஒண்ணுகிட்டருந்து ஒண்ணு சிக்னல் வாங்கி வீடு பூரா பரப்புமாம். கேமரா மூணாவது டப்பாவ நம்பி ஓடுது. அவன் போன்ல ஒரு ஆப், என் போன்ல ஒரு ஆப்.

அப்பா: பக்கவாதம் வந்து எட்டு மாசம். வலது கை, வலது கால் வராது. தடி புடிச்சி பாத்ரூம் வரைக்கும் போவாரு. பேச்சு கொழகொழன்னு இருந்தாலும் புரியும். கஸ்தூரி அக்கா காலையில வந்து கஞ்சி, பிரஷர் மாத்திரை குடுத்துட்டு 11க்கு கெளம்பிடுவாங்க. திரும்ப 3 மணிக்கு வருவாங்க. நான் சாப்பாட்டுக்கு வர 1.15 ஆவும். நடுவுல அவரு ஒண்டியா. விழுந்தா யாருக்குத் தெரியும்?

சாயந்திரம் தம்பி கு. திரும்ப போன். போளூர் பக்கம் வயசானவங்களுக்கு ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கானாம். "ஆடி பொறந்துட்டா புது எடத்துக்கு அனுப்பக்கூடாதுக்கா. அதுக்குள்ள முடிவு பண்ணிடணும்." எனக்கு பத்திக்கிட்டு வந்துது. கல்யாணம் பண்ணிக்காம நாப்பத்தோரு வயசு வரைக்கும் இந்த வீட்ல கெடக்கறது அப்பாவ ஹோம்ல தள்ளவா? நான் பாத்துக்கறேன்டான்னேன். "எப்படி பாத்துப்ப? கேமராவே ஓடல." அப்புறம் அவனே எறங்கி வந்தான். "ஒரு வாரம் கட் ஆவாம ஓட்டிக் காட்டு. ஹோம்னு வாயத் தெறக்க மாட்டேன்."

ஆடி ஒண்ணு, 17ந்தேதி. திங்கள் 7லருந்து ஞாயிறு 13 வரைக்கும் ஓடிட்டா போதும். அப்ப இந்த ஞாயித்துக்குள்ள சரி ஆவணும்.

வாங்க வேண்டியது: துணி சோப்பு (போன வாரம்தான் வாங்கினேன், கரைஞ்சே போச்சு), அப்பா மாத்திரை, ரவை.

ஜூலை 2, புதன்

காலையில அரை நாள் பர்மிஷன் கேட்டேன். மேனேஜர் மூஞ்சிய சுளிச்சாரு. ஒரு மணி நேரம் குடுத்தாரு.

டப்பா 2 ஃப்ரிட்ஜ் தலையில இருந்துது. ஃப்ரிட்ஜ் பக்கத்துல வெச்சா சிக்னல் அடி வாங்குமாம். எடுத்து அலமாரி மேல வெச்சேன். அப்பா ரூம்ல இரும்பு பீரோ டப்பா 3ஐ மறைச்சிட்டு இருந்துது. ஒண்டியா தள்ளினேன், இடுப்பு போச்சு. அப்பா கட்டில்ல உக்காந்து பாத்துட்டே இருந்தாரு. "எதுக்கும்மா இந்தப் பாடு?" உனக்குத்தான்பான்னேன்.

ஆப்ல மூணு டப்பாவுக்கும் பச்சை. சிக்னல் நல்லாருக்குன்னு காட்டுது. ஆபீஸ்ல பக்கத்து சீட் சுமதி மேடம்கிட்ட பெருமையா சொன்னேன்.

11.22. கட்.

நாசமா போக.

மத்தியானம் வீட்டுக்கு வந்தா எல்லாம் சரியா இருக்கு. அப்பா சாப்பிட்டு படுத்திருக்காரு. அவரு வேட்டி ரூம் கொடியில ஈரமா தொங்குது. கஸ்தூரி அக்காவ சும்மா சொல்லக்கூடாது, சொல்லாமலே துவைச்சி போட்டுட்டு போறாங்க.

ஜூலை 3, வியாழன்

இன்டர்நெட் லைன்காரர் பாபு வந்தாரு. எட்டரைக்கு வரேன்னவர் பத்துக்கு. பாட்டே பாடிட்டாரு: "எங்க லைன் க்ளியர் மேடம். உங்க டப்பாலதான் கோளாறு." டப்பா கம்பெனிக்கு போன் போட்டா லைன்ல கோளாறுன்றான். ஆளாளுக்கு அந்தாண்ட கை காட்டறாங்க.

கஸ்தூரி அக்காவுக்கு ஒரு கண்டுபிடிப்பு. "பதினொண்ணரைக்கு பக்கத்து வீட்ல போர் மோட்டர் போடறாங்கம்மா. அது இழுத்துடுது." பாபு சிரிச்சாரு. நான் சிரிக்கல. எனக்கு எதையும் நம்பற நெலமை.

கடைசியில பாபு சொன்னது: காத்துல சிக்னல் விடறத விட்டுட்டு, ஒண்ணுலருந்து மூணுக்கு நேரா வயர் இழுத்துடலாம். வயர்ல போனா செவுரும் கெடையாது, பீரோவும் கெடையாது. சரின்னேன். ஜன்னல் வழியா வெளிய வந்து, காம்பவுண்டு செவுரு ஓரமா போயி, அப்பா ரூம் வென்டிலேட்டர்ல உள்ள. அணில் கடிக்காம இருக்க பைப்புக்குள்ள விட்டாரு. முடிக்கும்போது மணி ஒண்ணு. ஆபீஸ் போகல, அரை நாள் லீவு போச்சு.

பாபு இருந்ததால இன்னிக்கு கட் ஆச்சா இல்லையான்னு பாக்க முடியல. டப்பாவ அவரே பத்து தடவ அணைச்சி போட்டாரு.

அப்பா மொகம் சரியில்ல. வேத்து ஆள் ரூம்ல இருந்தா அவருக்கு ஆவாது. பாபு போற வரைக்கும் கட்டில்ல அசையாம போர்வைய இழுத்துப் போத்திட்டு உக்காந்திருந்தாரு. இந்த வெயில்ல போர்வை! ரூம்ல ஒரு நாத்தம் வேற. கஸ்தூரி அக்காகிட்ட பினாயில் போட சொல்லணும்.

ஜூலை 4, வெள்ளி

11.19. கட். வயர்ல ஓடியும் கட்.

ஆபீஸ் பாத்ரூம்ல போயி அழுதேன். எழுதறதுக்கே கேவலமா இருக்கு. ஒரு டப்பாவுக்காக அழற பொம்பள.

மூஞ்சி கழுவிட்டு வந்து யோசிச்சேன். காத்துல விட்டாலும் அதே டைம். வயர்ல விட்டாலும் அதே டைம். அப்ப கோளாறு ரெண்டுத்துலயும் இல்ல. ஆப்ல ஒவ்வொரு டப்பாவும் எவ்ளோ நேரமா ஓடுதுன்னு ஒரு எடத்துல காட்டும், இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுது. டப்பா 1: 23 மணி நேரம். டப்பா 2: 23 மணி நேரம். டப்பா 3: 14 நிமிஷம்.

சிக்னல் போகல. கரண்ட்டு போயிருக்கு. அந்த ஒரு டப்பாவுக்கு மட்டும்.

சாயந்திரம் அப்பா ரூம் ஸ்விட்ச் போர்டு முன்னாடி நின்னேன். மூணு ஸ்விட்ச்: லைட், ஃபேன், மூணாவது டப்பாவுக்கும் கேமராவுக்கும். கட்டில்ல உக்காந்தா இடது கைக்கு எட்டற உயரம்.

"ஏம்பா, நீ இத ஆஃப் பண்றியா?"

மொதல்ல இல்லன்னாரு. கரண்ட்டு போயிருக்கும்னாரு. விடாம கேட்டேன். ஃபேன பாத்துட்டே சொன்னாரு: "சும்மா பச்சையா எரிஞ்சிட்டே இருக்குது. கரண்ட்டு வேஸ்ட்டு."

எனக்கு சிரிப்பு தாங்கல. அடப்பாவி மனுஷா! கீழ்பென்னாத்தூர் நெலத்துல மல்லாட்டை பயிர் போட்ட காலத்துல பம்புசெட்டுக்கு இலவச கரண்ட்டு, அதையே அணைச்சானா அணைச்சானான்னு பத்து தடவ கேப்பாரு. எங்க வீட்ல யாரு ரூம விட்டு வெளிய வந்தாலும் பின்னாடியே போயி ஸ்விட்ச்ச தட்டற ஆளு. இதுக்குப் போயி பீரோ தள்ளி, வயர் இழுத்து, லீவு போட்டு.

கு.வுக்கு போன் பண்ணி சொன்னேன். அவனும் சிரிச்சான். ரெண்டு பேரும் சிரிச்சி எத்தன மாசம் ஆச்சு.

ஜூலை 5, சனி

லீவு. பாபு எலக்ட்ரிக் வேலையும் பாப்பாராம், நல்லதா போச்சு. இன்வெர்ட்டர் லைன்லருந்து நேரா ஒரு பாயின்ட். டப்பாவும் கேமராவும் லாஃப்ட் ஓரத்துல மேல ஏறிடுச்சு. நடுவுல ஸ்விட்சே கெடையாது. பவர் கட் ஆனாலும் ஓடும், யாரு தட்டினாலும் ஓடும்.

பழைய மூணாவது ஸ்விட்ச் சும்மா நிக்குது. எடுத்துடவான்னு பாபு கேட்டாரு. இருக்கட்டும்னேன்.

அப்பா அண்ணாந்து பாத்துட்டே இருந்தாரு. "இது எப்பவுமே எரியுமாம்மா?"

"எப்பவுமே. இனிமே உன்னால ஆஃப் பண்ண முடியாதுப்பா." சிரிச்சிட்டேதான் சொன்னேன்.

அவரு சிரிக்கல. கோவம்னு நெனச்சேன். ராத்திரிக்கு ரவை உப்புமா, ரெண்டு வாய்தான் சாப்பிட்டாரு.

ஜூலை 7, திங்கள்

எழுதணும். எழுதாம படுத்தா தூக்கம் வராது.

11 மணிக்கு கஸ்தூரி அக்கா கெளம்பறது தெரிஞ்சுது. படம் கண்ணாடி மாதிரி. சுமதி மேடம கூப்பிட்டு காட்டினேன். பாருங்க மேடம், இன்னிக்கு போகவே போகாதுன்னு.

11.20க்கு அப்பா எந்திரிச்சி உக்காந்தாரு. இடது கைய நீட்டி மூணாவது ஸ்விட்ச்ச தட்டினாரு. மேல பாத்தாரு. திரும்ப தட்டினாரு. திரும்ப பாத்தாரு. நாலஞ்சு தடவ. "பாவம், கரண்ட்டு மிச்சம் புடிக்கறாரு"ன்னு சுமதி மேடம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அப்புறம் ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தாரு. போர்வைய எடுத்து இடுப்புல போட்டுக்கிட்டு அதுக்குள்ளயே வேட்டிய அவுக்கப் பாத்தாரு. ஒரு கையால ரெண்டும் வரல. போர்வை நழுவி கீழ விழுந்துது. குனிஞ்சி எடுக்க முடியல. வேட்டி நனைஞ்சிருந்துது. படுக்கையும் நனைஞ்சிருந்துது. வேட்டிய உருவிட்டு, கட்டில புடிச்சி எந்திரிச்சி, கேமராவுக்கு முதுக காட்டி திரும்பப் பாத்தாரு, கால் வரல. அப்படியே நின்னாரு. ஒட்டுத்துணி இல்லாம, என் அப்பா, என் ஆபீஸ் டேபிள்ல.

சுமதி மேடம் எந்திரிச்சி போயிட்டாங்க. நான் போன கவுத்து வெக்கணும்ல? வெக்கல. கை வரல. அவரு ஈர வேட்டிய கட்டிலோரத் தண்ணி பக்கெட்டுல போட்டு, சேர்ல உக்காந்து, ஒரு கையால சோப்பு போட்டு கசக்கினாரு. பல்லால கடிச்சி புழிஞ்சாரு. நடு நடுவுல மேல பாத்தாரு.

தெனமும் இதத்தான் பண்ணியிருக்காரு. அக்கா போனதும் அணைச்சி, அரை மணி நேரத்துல துவைச்சி, உலர்த்தி, மாத்தி கட்டிக்கிட்டு, எனக்காக திரும்ப ஆன் பண்ணி வெச்சிருக்காரு. கரண்ட்டு மிச்சம் புடிக்கறவரு எதுக்கு திரும்ப ஆன் பண்ணணும்? அத நான் யோசிக்கவே இல்ல. வயர யோசிச்சேன், பீரோவ யோசிச்சேன், பக்கத்து வீட்டு மோட்டர யோசிச்சேன்.

11.58க்கு கு. போன். அவனும் பாத்துட்டு இருந்திருக்கான். மூக்க உறிஞ்சினான். அப்புறம், "க்கா, அங்க ஆம்பள ஆளுங்க இருக்காங்கக்கா. குளிப்பாட்டறது, மாத்தி விடறது எல்லாம் ஆம்பள ஆளுங்கதான்." நான் வெச்சிட்டேன்.

அப்பவே கஸ்தூரி அக்காவுக்கு போன் பண்ணி கேட்டேன். "வேட்டியா? நான் துவைக்கலையேம்மா. ஒரு நாளு கேட்டேன், குடுய்யா அலசிப் போடறேன்னு. தடிய தூக்கிட்டாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா."

வீட்டுக்கு வந்து அவரு மொகத்த பாக்க முடியல. அவரும் பாக்கல. சோத்த போட்டுட்டு வந்துட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கழட்டிடலாம்னு காலையில ஸ்டூல் போட்டேன். ஏறல.

இன்னும் ஆறு நாள்தானே. கழட்டினா கட். கட் ஆனா ஹோம். ஆறு நாள் பல்ல கடிச்சிக்கிட்டு ஓட்டிட்டா அவன் வாய அடைச்சிடலாம், அப்புறம் ஸ்விட்ச்ச பழையபடி போட்டுக் குடுத்துடலாம்னு கணக்கு. 11.20லருந்து 11.50 வரைக்கும் போன டிராயர்ல போட்டு பூட்டினேன். கு.வயும் பாக்காதடான்னு கெஞ்சினேன். "பாக்கலக்கா"ன்னான்.

நான் பாக்கலன்னு அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அத சொல்லவும் வாய் வரல. சொன்னா, நேத்து பாத்தேன்னு ஆயிடும்.

ஆம்பள ஆளு விசாரிச்சது:
– கஸ்தூரி அக்கா கொழுந்தன்: குடிப்பாரு, வேணாம்.
– ஆபீஸ் வாட்ச்மேன் சொன்ன ஒருத்தர்: ரெண்டு வேளை வரதுக்கு ஒத்துக்கல.
– ஆசிரமம் பக்கம் வெள்ளக்காரர பாத்துக்கற ஒருத்தர்: ஆவணிக்கு மேல பாக்கலாம்னாரு.

கொடியில வேட்டி இல்ல. படுக்கை காஞ்சிருக்கு. அப்பாடான்னு இருந்துது.

ஜூலை 9, புதன்

வேட்டி இல்ல. படுக்கை காஞ்சிருக்கு. கேமரா மூணு நாளா கட் ஆவல.

கஸ்தூரி அக்கா: "தண்ணி வெச்சா வெச்சபடி இருக்குதும்மா. கஞ்சிய கூட கெட்டியா குடுன்றாரு." சொன்னாங்க. கேட்டேன். வெயிலுக்கு வாய் கசக்கும்னு விட்டுட்டேன். நாளைக்கு பௌர்ணமி, ஆபீஸ்ல எல்லாருக்கும் கிரிவலக் கூட்டத்துக்கு டியூட்டி, தலை வெடிக்குது.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. ரோடு பூரா சனம். போன் டவரே எடுக்கல. வீட்டு லைன் மட்டும் ஜோரா ஓடுது.

1.40க்குத்தான் வர முடிஞ்சுது. அப்பா உடம்பு அடுப்பு. ஒதடு வெடிச்சி ரத்தம். கண்ணு சொருகுது, என்னவோ ஒளர்றாரு. ஸ்விட்ச்ச அணை, ஸ்விட்ச்ச அணைன்றாரு. ஆட்டோக்காரர், கூட்டத்துக்காக பஸ்ஸ திருப்பி விட்ட ரோடெல்லாம் சுத்தி ஆஸ்பத்திரி சேர ஒண்ணேகால் மணி நேரம். ரோட்டுல எல்லாரும் அரோகரான்னு போறாங்க. நான் அவரு தலைய மடியில வெச்சிக்கிட்டு ஐயோ ஐயோன்னுட்டு இருந்தேன்.

டாக்டரம்மா கேட்டாங்க: "எத்தன நாளா தண்ணி குடிக்கல?"

ஜூலை 11, வெள்ளி

ட்ரிப்ஸ் மூணு பாட்டில். யூரின்ல இன்ஃபெக்ஷன். ட்யூப் போட்டிருக்காங்க. சாயந்திரம் தெளிஞ்சாரு.

"ஏம்பா தண்ணி குடிக்கல?"

"குடிச்சா வருது."

"வந்தா வரட்டுமேப்பா."

"பொம்பள புள்ள பாக்கற"ன்னாரு. கண்ண மூடிக்கிட்டாரு.

நான் வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தேன். கழட்டியிருக்கணும். செவ்வாக்கெழம ஸ்டூல் போட்டேன், ஏறல. அவ்ளோதான். என்னென்னவோ சொல்லி பாக்கறேன், மனசு ஒத்துக்கல.

ஜூலை 12, சனி

கு. வந்துட்டான். என்ன திட்டுவான்னு பாத்தேன், திட்டல. அப்பா கால புடிச்சி அழுதான். பிஸ்கட் வாங்கியாந்தான், நான் சாப்பிடல. ஹோம்ல நாளைக்கு கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்களாம். அப்பாவே, "அங்க ஆம்பள ஆளா?"ன்னு கேட்டாரு. ஆமாம்பான்னான். "சரி"ன்னாரு.

எங்கிட்ட கேக்கவே இல்ல. கேட்டா மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூலை 13, ஞாயிறு

லேசா தூறல். காலையில டிஸ்சார்ஜ். துணிமணி எடுக்க நேரா வீட்டுக்கு. எடுத்து வெச்சது: வேட்டி ஆறு, துண்டு நாலு, மாத்திரை, தடி, பழைய ரேடியோ. நீ வர வேணாம்மான்னாரு அப்பா. கஸ்தூரி அக்கா வாசல்லயே நின்னுட்டாங்க, உள்ள வரல.

கு. அவரு கைய புடிச்சி ரூம விட்டு வெளிய கூட்டியாந்தான். ஸ்விட்ச் போர்டுகிட்ட அப்பா நின்னுட்டாரு. இடது கையால லைட்ட அணைச்சாரு. ஃபேன அணைச்சாரு. மூணாவதையும் தட்டினாரு.

லாஃப்ட்ல பச்சை அப்படியே எரிஞ்சுது. ஆஸ்பத்திரி அலைச்சல்ல அத நான் மறந்தே போயிட்டேன். அவரு அண்ணாந்து பாத்தாரு.

"அது டைரக்ட்டுப்பா, அணையாது"ன்னான் கு.

"தெரியும்"னாரு.

கார் திரும்பற வரைக்கும் கேட்ல நின்னேன். உள்ள வந்து ஆப்ப தெறந்தேன். டப்பா 3: ஏழு நாள் பதினெட்டு மணி நேரம். ஒரு தடவ கூட கட் ஆவல. காலிக் கட்டில் நல்லா தெளிவா தெரியுது.